வலிக்கும் சிவப்பும் வலிக்காத சிவப்பும்

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் யூராலஜி ஓ.பி. வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஒருவர் வில்லியனூர்ப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர், 35 வயது. நள்ளிரவில் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்த வலி, அடிவயிறு வழியாக விதைவரை இறங்கி, படுக்கவும் விடாமல் நிற்கவும் விடாமல் அவரைப் புரட்டி எடுத்திருக்கிறது. இரண்டு முறை வாந்தி. விடியற்காலையில் போன சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் இருந்தது.

மற்றவர் முதலியார்பேட்டைக்காரர். 62 வயது, ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், 30 வருடமாகப் பீடி. ஐந்து மாதம் முன்பு ஒரு காலையில் சிறுநீர் முழுச் சிவப்பாகப் போயிற்று. எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, எங்கும் சுருக்கென்று ஒரு வலிகூட இல்லை. வீட்டில் சொன்னார். "வெயில்ல அலையாதீங்கன்னா கேக்குறீங்களா? சூடுதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார் மனைவி. இளநீர், ஊறவைத்த வெந்தயம், மோர். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. போன வாரம் மறுபடியும் வந்தது. இந்த முறை மகள் விடவில்லை, கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

வரிசையில் இருப்பவர்கள் முதலாமவரைப் பார்த்து இரக்கப்பட்டு முன்னால் போகச் சொல்வார்கள். அவருக்கு உடனடியாக வலி குறைய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மருத்துவர் சீட்டில் கூடுதல் கவலையோடு எழுதப்போவது இரண்டாமவரைப் பற்றித்தான். வலி இருந்தால் பெரிய நோய், வலி போனால் குணம் என்று நாம் உடம்பைப் பற்றிப் போட்டு வைத்திருக்கும் கணக்கு, சிறுநீரில் ரத்தம் என்ற இந்த ஒரு விஷயத்தில் அடிக்கடி தவறிப்போகிறது. அதனால்தான் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டோக்காரருடையதைப் பார்ப்போம். அது அநேகமாகக் கல். புதுச்சேரி வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் சேர்ந்து உடம்பு நீரை வியர்வையாக உறிஞ்சிவிடுகின்றன. குடிக்கும் தண்ணீரோ குறைவு. ஆட்டோ ஓட்டுபவரும், பெரிய மார்க்கெட்டில் காலையிலிருந்து மாலைவரை மீன் கூடையின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் தண்ணீரைத் தள்ளிப்போடுவது தாகமில்லாமல் அல்ல, ஒதுங்க இடமில்லாமல். சிறுநீர் கெட்டியாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகி, சிறுநீரகத்துக்குள் கல்லாகின்றன. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லை. சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கும்போதுதான் எல்லாம் தொடங்குகிறது. அந்தக் குழாய் மூன்று இடங்களில் குறுகலானது: சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக்குழாயைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் அங்கே சிக்கினால் மேலே சிறுநீர் தேங்கிக் குழாயும் சிறுநீரகமும் விரிகின்றன. உயிர்போகிற வலி அந்த விரிவால் வருவது. ரத்தம் வருவது கல் உள்சுவரை உராய்வதால். இரண்டும் வேறு வேறு என்பதால்தான் வலியின் அளவுக்கும் ரத்தத்தின் அளவுக்கும் பொருத்தமே இருப்பதில்லை. கல் வலியால் துடிக்கும் சிலருக்குச் சிறுநீரில் ஒரு சொட்டு ரத்தம்கூட இருக்காது.

5 மில்லிமீட்டருக்குச் சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்துக் கல் கரைந்தது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படி இறங்கிய கல்தான். ஆனால் கல் வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது சிறுநீரே இறங்காமல் நின்றுபோனால், கஷாயத்துக்கு நேரமில்லை. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி இரண்டாமவர். இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும். பீடிப் புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் அவற்றை வடிகட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. சிறுநீர்ப்பை அந்தச் சிறுநீரை மணிக்கணக்கில் தேக்கி வைக்கிறது. அதன் உட்சவ்வு 30 வருடம் நாள் தவறாமல் அந்த நச்சில் ஊறுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் புகையிலைதான் என்றால் பலரும் நம்புவதில்லை. புகை போகும் வழி நுரையீரலோடு முடிந்துவிடுவதாகவே எல்லோரும் நினைக்கிறோம். ஆண்களுக்கு இந்த நோய் பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம்.

அந்தச் சவ்வில் முளைக்கும் கட்டி, தொடக்கத்தில், நீருக்கடியில் பாசி ஆடுவதுபோல் மெல்லிய இழைகளாகச் சிறுநீரில் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இழைக்குள்ளும் மிக நொய்ந்த ரத்தக்குழாய்கள். ஏதோ ஒரு நாள் ஒரு நுனி ஒடிகிறது; ரத்தம் கொட்டுகிறது. பிறகு அந்த நுனியில் ரத்தம் உறைந்து தானாகவே நின்றுவிடுகிறது. கட்டி எதையும் அடைக்கவில்லை, எதையும் விரிக்கவில்லை; அதனால் வலி இல்லை. அடுத்த நுனி ஒடிவதற்கு வாரங்களாகலாம், மாதங்களாகலாம். அந்த இடைவெளியில் என்ன சாப்பிட்டிருந்தாலும் பெருமை அதற்குப் போய்ச்சேர்கிறது. இளநீர் குடித்தவருக்கு இளநீரால் நின்றது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியவருக்கு மாத்திரையால் நின்றது. வேண்டிக்கொண்டவருக்கு வேண்டுதலால் நின்றது. எனக்கு இந்த நோயில் கட்டியைவிடப் பெரிய அச்சம் இந்த இடைவெளிமேல்தான். இளநீர் நல்ல பானம். அதன் பெயரைச் சொல்லி ஐந்து மாதம் போய்விட்டது என்பதுதான் வருத்தம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேருக்கு முதல் அறிகுறி ரத்தம்தான். இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்: கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போய் முழுப் பரிசோதனை செய்துகொண்டவர்களில், வெளிவந்த ஆய்வுகளின்படி, ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர்வரைதான் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உள்ளவர்கள். மற்றவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், தொற்று, வலிக்காத கல், சிறுநீரக அழற்சி என்று வேறு காரணங்கள் இருக்கும். சிலருக்குக் காரணமே அகப்படாது. ஆகவே சிவப்பைக் கண்டதும் இடிந்துபோக வேண்டியதில்லை, பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மில்லிலிட்டர் ரத்தம் கலந்தாலே நிறம் தெரிந்துவிடும். எவ்வளவு சிவப்பு என்பதை வைத்து நோயின் அளவைக் கணக்கிட முடியாது.

சிவப்பாகப் போவதெல்லாம் ரத்தமும் அல்ல. பீட்ரூட் தின்ற மறுநாள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை எடுக்கும் நாள்களில், நிறம் மாறும். சாதாரண யூரின் டெஸ்ட் ஒன்று இதைப் பிரித்துச் சொல்லிவிடும்.

ரத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் இடம் ஓரளவு புலப்படும். சிறுநீர் தொடங்கும்போது மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால், கோளாறு பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வழியில். கடைசிச் சொட்டுகள் மட்டும் சிவந்தால் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலோ புராஸ்டேட்டிலோ இருக்கலாம். முதலிலிருந்து முடிவுவரை ஒரே சிவப்பென்றால் சிறுநீர்ப்பை அல்லது அதற்கு மேலே. புழு வடிவில் நீளமான உறைகட்டிகளாக ரத்தம் வந்தால் அது சிறுநீர்க்குழாயில் உறைந்து அதே வார்ப்பில் இறங்கியது. ரத்த உறைகட்டிகள் அடைத்துச் சிறுநீர் போகாமல் வயிறு உப்பினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலிக்குத்தான் முதலிடம் கொடுப்பது நம் வீட்டில் மட்டுமல்ல, மருத்துவத்தின் வரலாற்றிலும் நடந்திருக்கிறது. கல்லை அறுத்தெடுக்கும் முறை பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதர் காலத்திலேயே உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823-இல்; இன்றைய ஜிப்மர் தன் வேரை அங்கிருந்துதான் சொல்கிறது. அடுத்த வருடமே, 1824-இல், பாரீசின் நெக்கேர் மருத்துவமனையில் ழான் சிவியால் என்ற மருத்துவர், சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவியை நுழைத்துச் சிறுநீர்ப்பைக் கல்லை உடைத்தார். வயிற்றை அறுக்காமல் செய்த பெரிய சாதனை அது. கண்ணால் பார்த்துச் செய்ததல்ல, கைத்தடவலில் செய்தது. சிறுநீர்ப்பைக்குள் வெளிச்சம் செலுத்திக் கண்ணால் பார்க்கும் கருவியை மாக்ஸ் நிட்சே என்ற மருத்துவர் செய்து காட்டியது 1877-இல். வலியால் கத்தவைத்த கல்லுக்கு அறுக்காத வைத்தியம் கிடைத்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் வலிக்காத கட்டியை உயிருள்ள மனிதருக்குள் பார்க்க வழி பிறந்தது.

இன்றைக்கும் பரிசோதனையில் இருவருக்கும் வழி பிரிகிறது. ஆட்டோக்காரருக்கு மருந்து ஏற்றாத ஒரு சி.டி. ஸ்கேன் போதும், கல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் தெரிந்துவிடும். முதலியார்பேட்டைக்காரருக்கு இரண்டு வேண்டும். ஒன்று, சிறுநீரகத்தையும் குழாய்களையும் பார்க்க மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.; சிறுநீரகத்தில் கட்டியிருந்தாலும் அதில் தெரியும். மற்றொன்று சிறுநீர்ப்பைக்குள் நேராகப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி. இதைக் கேட்டதும் பலர் முகம் சுருங்கிப்போகிறது, "அது மட்டும் வேணாம் டாக்டர், ஸ்கேன்ல தெரியாதா?" என்கிறார்கள். தட்டையான கட்டியும் மிகச் சிறிய கட்டியும் ஸ்கேனில் தப்பிவிடும் என்பதே பதில். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி வைத்து, வளையும் குழாயால் பார்த்தால் சில நிமிட வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல் தெரிந்தால் எல்லோரும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள்: "கல்லுதான், அதான் ரத்தம்." அசையாமல் கிடக்கும் கல் ஒன்று, ரத்தம் கொட்டும் கட்டி ஒன்று, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கத் தடையில்லை. ரத்தம் நீர்க்க மாத்திரை எடுப்பவர்களிடமும் இதே அவசரத் தீர்ப்பு நடக்கிறது. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ ரத்தத்தை அதிகம் வரவைக்கலாம். ஆனால் ரத்தம் வர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் தாமதம் வேறு வழியில் வருகிறது. அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவது உண்மை. நீர்க்கடுப்போடு ரத்தம் வந்தால் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இளம் வயதினருக்கு மாதவிடாய் ரத்தமாக இருக்குமோ என்ற குழப்பமும் உண்டு. தொற்றுதான் என்று வைத்துக்கொண்டு 55 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு கல்ச்சர் டெஸ்ட் செய்யாமலே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், நின்றுவிடுகிறது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே மருந்து. கல்ச்சரில் கிருமி வளராத ரத்தத்துக்குத் தொற்று என்று பெயர் வைக்கக்கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பல வருடங்களுக்கு முன் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு, அந்தக் கதிர்வீச்சால் நொய்ந்த சிறுநீர்ப்பையிலிருந்து வெகுகாலம் கழித்தும் ரத்தம் வரலாம். பழைய சிகிச்சைச் சீட்டை அவர்கள் தூக்கிப் போட்டுவிடக்கூடாது.

சாயத் தொழிலைப் பற்றியும் கேட்டாக வேண்டும். சாயத் தொழிற்சாலை வேலையாள்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை 1895-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் முதலில் எடுத்துச் சொன்னார். பென்சிடின் போன்ற வேதிப்பொருள்கள் காரணம் என்று பிறகு உறுதியானது. 1990-களில் இந்திய அரசு மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. தொட்ட வேலைக்கும் வரும் நோய்க்கும் இடையே 20 வருடம், அதற்கு மேலும் ஆகலாம். துணி ஆலைகளால் வளர்ந்த ஊர் புதுச்சேரி. இளமையில் சாயப் பட்டறையிலோ அச்சகத்திலோ ரப்பர், தோல் தொழிலிலோ இருந்தவர்கள், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டும்.

வலிக்காத சிவப்பை ஒரு சமூகமே இயல்பென்று ஏற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. எகிப்தில் நைல் ஓரத்துச் சிறுவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போவது வழக்கமாக இருந்தது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதுபோல் ஆண் பிள்ளைகளுக்கு இது என்றே பல இடங்களில் நம்பினார்கள். 1851-இல் கெய்ரோவில் தியோடோர் பில்ஹார்ஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நாளங்களில் வாழும் ஒரு புழு. நன்னீர் நத்தைகளிடமிருந்து தண்ணீருக்கு வந்து, அதில் குளிப்பவரின் தோல் வழியே புகுவது. பல வருடம் சிகிச்சையில்லாமல் விட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். நாம் "சூடு" என்று சொல்லிக் கடந்துபோவதும் அந்த நைல் ஊர்க்காரர்கள் நம்பியதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

பிரேசிலில் பாய்யாவில் ஓட்டோ வுக்கரர் என்ற மருத்துவர் 1866-இல் இதே புழுவின் முட்டையைத் தேடித்தான் ஒரு நோயாளியின் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முட்டை கிடைக்கவில்லை; நூல் போன்ற வேறு குட்டிப் புழுக்கள் கிடைத்தன. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் புழு அந்நியமல்ல, யானைக்கால் நோயின் புழு. அது நிணநீர்க் குழாய்களை அடைத்து, அவை சிறுநீர்ப் பாதைக்குள் உடைந்தால் சிறுநீர் பால்போல் வெளுக்கும். எண்ணெய் நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் இன்னும் வெளுக்கும். ரத்தமும் சேர்ந்தால் இளஞ்சிவப்பாகும். கொசுவால் பரவும் இந்த நோயை எதிர்த்து, 1975-இல் இங்கே தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரையே களமாக்கிக் கொசு ஒழிப்பில் இறங்கியது. இன்று பால் நிறச் சிறுநீர் இங்கே அரிது. இருந்தாலும் வயதானவர்களிடம் கண்டால் இந்தப் பழைய புழுவை நினைக்க வேண்டும்.

எகிப்துப் புழு இந்தியாவில் பரவவில்லை. ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமத்தில் 1952-இல் கண்டறிந்ததே அபூர்வமாகப் பேசப்படுவது. ஆனால் புதுச்சேரியில் "சொல்தா" குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு இராணுவத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து, அங்கே ஆற்றில் ஏரியில் இறங்கி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள். பிரான்சிலேயே கோர்சிகாத் தீவின் காவு ஆற்றில் 2013-இல் குளித்த பலருக்கு இந்தப் புழு தொற்றியது. புழு உடம்பில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கடைசிச் சொட்டில் ரத்தம் வந்தால், எந்த நாட்டில் எந்த நீரில் இறங்கினோம் என்பதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்.

வலி உண்டா இல்லையா என்ற அளவுகோலுக்குள் அடங்காத இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்டைப் புண்ணோ சொறி சிரங்கோ வந்து ஒன்று முதல் ஆறு வாரம் கழித்து, குழந்தைக்கு முகம் வீங்கிச் சிறுநீர் கோலா நிறத்தில் குறைவாகப் போனால் அது சிறுநீரக அழற்சி. வலி இருக்காது, புற்றுநோயும் அல்ல; ஆனால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தபின் சிறுநீர் சிவந்தால் ரத்தம் உறையும் திறன் போய்க்கொண்டிருக்கிறது, சிறுநீரகத்துக்கும் ஆபத்து. விஷமுறிவு மருந்து உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு இருவரும் மறுபடி ஒரே இடத்துக்கு வந்துசேர்கிறார்கள். இரண்டு நோயும் திரும்பி வரும். கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் இன்னொரு கல் வருகிறது. ஆட்டோக்காரர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். பாலை நிறுத்தினால் கல் வராது என்பது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது.

முதலியார்பேட்டைக்காரரின் கட்டி சவ்வோடு நின்றிருந்தால், சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் பெரும்பாலோருக்கு இந்த நிலைதான். திரும்ப வருவதைத் தடுக்கச் சிலருக்கு வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. செலுத்துவார்கள். பிறந்த குழந்தையின் தோளில் காசநோய்க்குப் போடும் அதே பி.சி.ஜி., 1948-இலிருந்து சென்னை கிண்டியில் தயாரித்துவந்த மருந்து. சிறுநீர்ப்பைக் கட்டிக்கு அது உதவும் என்று கனடாவில் மருத்துவர் அல்வாரோ மொராலஸ் 1976-இல் காட்டினார். கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு: சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டுக் குடலின் ஒரு துண்டால் மாற்றுவழி அமைக்கும் பெரிய அறுவை. அந்த நிலையில் மூன்று மாதத் தாமதம்கூடப் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. எளிய கட்டியாகவே இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒரு சிஸ்டோஸ்கோபி, பிறகு பல வருடங்களுக்கு மீண்டும் மீண்டும். பீடியை அன்றே விட வேண்டும்.

ஓ.பி.க்குப் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. சிவப்பு வந்த தேதிகள், முடிந்தால் செல்போனில் எடுத்த படம், தொடக்கத்திலா, முழுவதுமா, கடைசியிலா, ரத்த உறைகட்டி வந்ததா, வலி இருந்ததா, சாப்பிடும் மாத்திரைகள், புகையிலை எத்தனை வருடம், பார்த்த வேலைகள், பழைய ஸ்கேன் சீட்டுகள். போகிற நாளில் சிறுநீர் தெளிந்திருக்கிறதே என்று பாதி வழியில் திரும்பிவிட வேண்டாம். வந்து நின்றுபோன ரத்தத்துக்கும் மருத்துவர் எழுதப்போவது இதே பரிசோதனைகளைத்தான்.